திருநீறும் இடக்கண்ணும்

இத்தாலியின் பலெர்மோ மருத்துவமனை வார்டில், நிதுஷாவின் கைக்கு இறங்கும் மருந்துக் குழாயில் காலை வெயில் மின்னுகிறது. உண்ணி கடித்து ஏறிய கிருமி நரம்பைத் தாக்கியதில், பிள்ளையின் இடப்பக்க முகம் அசைவதில்லை, கண்ணும் மூடுவதில்லை. ஊசி குத்திய நர்ஸ், “பிராவா!” என்று அழாத பிள்ளையை மெச்சி, வலக்கன்னத்தைத் தட்டிவிட்டுப் போகிறாள். ஊசியைக் கண்டாலே நடுங்கும் தனக்கு இப்படியொரு மகளா என்று பிரசாந்தினி மலைத்துப்போகிறாள். திருநீறு பூசுமுன், பொடி விழாதபடி அந்தத் திறந்த கண்ணை உள்ளங்கையால் மறைக்கிறாள்.

“கையை எடுங்கோ அம்மா.”

“கண்ணுக்குள்ளை விழும், பிள்ளை.”

“விழாது. பாருங்கோ.”

புருவம் துடிக்க, இடது இமை மெல்ல மெல்ல இறங்கி, மூடிக்கொள்கிறது. திருநீற்று விரல் அந்தரத்திலேயே நிற்கிறது.

“கெதியாப் பூசுங்கோவன் அம்மா, திறக்கப்போகுது!”