ஏழாவது வெடி

"இன்னும் ஒண்ணு இருக்கு கிருஷ்ணகுமார். தேடுங்க."

பயிற்சி கொடுக்கும் மங்கையர்க்கரசி மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

லோத்குண்டாவில் இருந்த பயிற்சிக் கூடத்தில் மணல் கொட்டி, டம்மி கண்ணிவெடிகளைப் புதைத்திருந்தார்கள். சுற்றிலும் கேமராக்கள். வெடியைத் தேடும் கருவி எங்கெல்லாம் அசைகிறதோ, அங்கெல்லாம் அவை விடாமல் பின்தொடரும். கருவி தடவிய இடம் திரையில் பச்சை, விட்டுப்போன இடம் சிவப்பு.

ராணுவத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்த கிருஷ்ணகுமாருக்கு அன்று தேர்வு. தேறினால் அடுத்த மாதமே வெளிநாட்டில் கண்ணிவெடி அகற்றும் வேலை. தவறினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

"ஆறு வெடின்னுதானே சொன்னாங்க மேடம்? ஆறையும் காலையிலயே எடுத்துட்டேனே."

"நிஜமான காட்டுல, இத்தனை புதைச்சிருக்கோம்னு யாராவது சொல்லிட்டுப் போவாங்களா?"

கிருஷ்ணகுமார் கருவியை மறுபடி கையில் எடுத்தார். கூடப் பயிற்சி எடுத்த எட்வினும் கோபியும் இதே கேள்வியில் மாட்டி, மத்தியானம் வரை தேடிவிட்டுச் சுவரோரம் சரிந்து கிடந்தார்கள்.

"நக்கோ மேடம், போதும், இடுப்பு விட்டுப்போச்சு" என்று ஊர்ப் பேச்சில் கெஞ்சினார் பக்கத்து லாலாகுடாவில் பிறந்து வளர்ந்த எட்வின்.

மேடம் அதைக் காதில் வாங்கவில்லை. "இதுல உலோகம் குந்துமணி அளவுதான் இருக்கும். வேகமா வீசினா சத்தமே வராது. மெதுவா, மணலை ஒட்டிப் போங்க."

கிருஷ்ணகுமார் பல்லைக் கடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். திரையில் சிவப்பு சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் மூலையில் உள்ளங்கை அளவுதான் மிச்சம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அங்கேயும் இல்லாவிட்டால்?

கருவி மெல்லிசாகக் கீச்சிட்டது.

"அசையாதீங்க, நான் வர்றேன்" என்று மேடமே ஓடி வந்தார். யாரையும் தொடவிடவில்லை. மண்டியிட்டு, பிரஷ்ஷால் மணலை விலக்கி, இரண்டு விரலால் எதையோ எடுத்து ஊதினார். துப்பட்டாவில் துடைத்தார்.

மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஒற்றைக்கல் வைர மூக்குத்தி.

மேடம் அதை நிதானமாக மூக்கில் மாட்டிக்கொண்டு, திரையை அணைத்தார்.

"நேத்து சாயங்காலத்துலேருந்து தேடிட்டிருக்கேன். நீங்க மூணு பேரும் காலையிலயே பாஸ், கிளம்புங்க."