பூமருதில் நகக்கீறல்கள்

மாலை வெயில் மஞ்சள் புகைபோலத் தோட்டத்தில் தங்கியிருக்கிறது. மற்ற செடிகளெல்லாம் தளிர்த்துவிட்டன. போன வருடம் நாற்றுப்பண்ணையில் மனைவி ஆசைப்பட்டுப் பொறுக்கியெடுத்த பூமருது மட்டும் வெறும் குச்சியாக நிற்கிறது. கணவரின் கையில் ரம்பம். "பட்டுப்போச்சும்மா. இன்னைக்கு வெட்டிடுறேன்." "இதையேதான் ஒன்பது நாளா சொல்றீங்க. ரம்பம்தான் துருப்பிடிக்குது." அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொள்கிறார். உயிர் இருந்தால் பட்டைக்கு அடியில் பச்சை தெரியும் என்று பண்ணைக்காரர் சொல்லியிருந்தார். கீறிப் பார்க்கலாமென்று அவள் குனிகிறாள். வழுவழுப்பான தண்டில் ஏற்கெனவே நகக்கீறல்கள், நெஞ்சு உயரத்திலிருந்து முழங்கால்வரை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒன்பது. எல்லாம் பழுப்பு. அவரது கட்டைவிரல் நகத்தில் பட்டைத் தூள். அவள் இன்னும் குனிந்து மண்ணோரமாக, பத்தாவதை மெல்லக் கீறுகிறாள். வெயில் அந்த இடத்தைத் தொடுகிறது. ஈரமான, நூலளவு பச்சை. யாருக்கோ நன்றி சொல்வதுபோல அவள் உதடுகள் அசைகின்றன. "வெட்டிடலாமாங்க?" என்கிறாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ரம்பத்துக்கு எண்ணெய் போடணும்" என்று முனகியபடி அவர் உள்ளே போகிறார். திரும்பி வரும்போது கையில் ஒரு குடம் தண்ணீர்.