பொட்டு வைத்த டிவி

பின்பக்கமிருந்து ஒளி பாய்ச்சிப் படம் காட்டும் புது டிவி ஒன்று, நெஞ்சளவு உயரமும் பீரோ போல ஆழமுமான பெட்டியாக வீட்டுக்கு வந்து இறங்கியது. வீட்டம்மா கோமளவல்லி கற்பூரம் காட்டி, திரையின் நட்டநடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

பொருத்த வந்த கம்பெனி ஆள் பதறினார். "ஐயோ, திரையில கையே படக்கூடாதும்மா! இனிமே துடைச்சிடாதீங்க, கீறல் விழுந்துடும்."

பொட்டு அப்படியே நின்றுவிட்டது. செய்தி வாசித்தவர் நெற்றியிலும் பொட்டு, சினிமாக் கொலைகாரன் மூக்கிலும் பொட்டு.

தூசி துடைக்கும் பழைய பனியனுக்கு மனசு கேட்கவில்லை. "நான் மெத்துன்னு இருப்பேன். ஒரு தடவை துடைச்சு விடட்டுமா?"

"தொட்டே, தெரியும் சேதி! இது என்னைக் கும்பிட்டு வச்ச பொட்டு," என்றது டிவி.

கிரிக்கெட் இறுதி ஆட்டம் வந்தது. கடைசிப் பந்து பொட்டுக்குள் போய் மறைந்தது. கேட்ச்சா, சிக்ஸரா என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. மறுநாளே பரணிலிருந்து பழைய டிவியை இறக்கி, பனியனால் அழுத்தித் துடைத்து, பெரிய டிவியின் மேலேயே தூக்கி வைத்தார்கள்.

பெரிய டிவி கொதித்தது. "என் தலைமேல இவனா? நான் யாரு, இவன் யாரு?"

பனியன் பணிவாகச் சொன்னது: "நீங்க சாமி. அவரு டிவி."