காதில் வைத்த கை

தெம்மாங்குப் பாடகர் மாடக்கண்ணு பாடும்போது, தன் குரல் தனக்குக் கேட்க ஒரு காதைப் பொத்திக்கொள்வார். பிழைக்க வந்த நகரம் அவருக்கு அப்படியே கல்லில் சிலை வைத்தது. வாயை மட்டும் மூடிவிட்டது. காதில் கைவைத்து அவர் குறை கேட்கிறார் என்று நினைத்து மறுநாளே ஜனங்கள் மனுவோடு வரிசைகட்டினார்கள். காது கொடுக்கும் ஆளுக்கு அவ்வளவு கிராக்கி.

அவர் மனைவி சீனியம்மாள் சிற்பியிடம் சண்டைக்குப் போனாள். "பாட்டுக்காரர தாசில்தாராக்கிட்டீகளே! வாயத் தொறந்து விடுங்கய்யா."

"தொறந்தா குருவி கூடு கட்டும்மா."

"கட்டட்டும். அதாச்சும் பாடும்ல?"

சிற்பி உளியோடு ஏணியில் ஏறினார். வரிசை கொந்தளித்தது.

"யோவ், எறங்குய்யா! அவரும் வாயத் தொறந்துட்டா எங்க பேச்ச எவன் கேப்பான்?"

சீனியம்மாள் ஏணியை இறுகப் பிடித்தாள். மறுபக்கத்தை வரிசையிலிருந்து பல கைகள் பிடித்து இழுத்தன.