நாலாவது ஆள்

ரூல் புத்தகம் இருபத்தெட்டுப் பக்கம். பஞ்சாபகேசன் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தார்.

பேங்கில் முப்பத்தைந்து வருஷம் சர்க்குலர் படித்துக் காட்டிய மனிதர். இதையும் அதே குரலில், ஒரு வரி விடாமல் படித்தார்.

மகேஸ்வரி தலையாட்டிக்கொண்டே இருந்தாள். பாதி புரிந்தது. மீதிக்குப் புரிந்தமாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஆதர்ஷ் இன்றைக்குத்தான் முதன்முதலாக அவளை மாட்டுங்காவில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தான். இவளைத்தான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியாயிற்று. அப்பா பஞ்சாபகேசனுக்குப் பிடித்துவிட்டால் போதும் என்று வழியெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டு வந்தான்.

அவளும் ஒரு வாரமாகப் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், தாராவியில் எங்கே, வீடு சொந்தமா வாடகையா, நீங்கள் என்ன ஆட்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தும் பதில் அமையவில்லை. அந்த இடத்தில் எல்லாம் கவிழ்ந்துவிடும் என்று பயந்தாள்.

வந்து பார்த்தால், சாப்பாட்டு மேசை முழுக்க ஒரு வியாபார விளையாட்டின் அட்டை வரைபடம். ஆறுகள், துறைமுகங்கள், மில்கள். கறுப்புக் கட்டை நிலக்கரி, வெள்ளைக் கட்டை துணி. மில் கட்டினால் மட்டும் காசு வராது, துணியை விற்க வேண்டும். கடைசியாக யார் என்ன விலைக்கு விற்றார்களோ, அதுதான் எல்லோருக்கும் சந்தை விலை.

பத்தாம் பக்கத்தில் பஞ்சாபகேசன் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆமா, உனக்கு நேட்டிவ் எந்தப் பக்கம்?"

தயார் செய்து வைத்திருந்த பதிலைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

"ஏன்னா, நிலக்கரி தீர்ந்துபோனா யார்கிட்ட வாங்கறது?" என்றாள் அவர் மனைவி ஷ்யாமளா.

"இதோட மூணு தடவை சொல்லியாச்சு ஷ்யாமளா!" கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறியது.

மாமிக்கு ஒன்றும் ஏறவில்லை. ரயில் பாதை எப்போது போடலாம், கடன் யார் தருவார்கள் என்று ஒவ்வொரு ரூலையும் திரும்பத் திரும்பக் கேட்டாள். பஞ்சாபகேசன் இன்னும் இரண்டு தடவை மகேஸ்வரி பக்கம் திரும்பினார். இரண்டு தடவையும் மாமிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மகேஸ்வரிக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. இந்த வீட்டில் தன்னைவிட மக்கு ஒருத்தி இருக்கிறாள்.

ஒருவழியாக ஆட்டம் தொடங்கியது.

மகேஸ்வரியின் மில்லில் முதல் துணி தயாரானது. சந்தை விலை பத்து. இன்னும் ஒரு சுற்று பொறுத்தால் பன்னிரண்டுக்கு விற்றுவிடலாம். பஞ்சாபகேசன் அதற்காகவே எட்டுத் துணியை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"என்கிட்ட ஆறுதான் இருக்கு. தரியா?" என்று கேட்டாள் ஷ்யாமளா.

மறுக்கலாம், ரூல் அனுமதிக்கிறது. மறுக்கச் சொல்லி மேசைக்கடியில் ஆதர்ஷ் அவள் காலைத் தட்டினான்.

ஆனால் அவள் கை அதற்குள் வெள்ளைக் கட்டையைத் தள்ளிவிட்டிருந்தது.

"எடுத்துக்கோங்க மாமி. மொத போணில்லா, வந்தவங்கள வெறுங்கையோட அனுப்பப்பிடாது."

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. அவள் வேலை பார்க்கும் பி.கே.சி. ஆபீஸில் பேசுகிற குரல் இல்லை. அப்பா இசக்கிராஜின் மளிகைக் கடைக் குரல். இனி யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை, தானாகவே எல்லாவற்றையும் கொட்டிவிட்டோம் என்று நினைத்தாள். ஆதர்ஷ் மின்விசிறியைப் பார்த்தான்.

பஞ்சாபகேசன் அவளைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். விலைக்காயைப் பத்திலிருந்து ஆறுக்கு மெல்ல நகர்த்தினார். தன் எட்டுத் துணியையும் ஒரு தரம் எண்ணினார்.

பிறகு புத்தகத்தை எடுத்துப் பரபரவென்று புரட்டினார். பதினான்கு, பதினேழு, இருபத்திரண்டு.

"ரூல்ல இதுக்குத் தடை ஒண்ணும் போடலை" என்றார் தீர்ப்பு சொல்கிறமாதிரி. "நஷ்டத்துக்கு வித்து என்னை நடுத்தெருவுல நிறுத்திட்டியே!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார்.



சாயங்காலம் ஏழு மணிக்கும் ஆட்டம் முடியவில்லை. ஒரு கட்டையைக்கூட யாரும் நகர்த்தக் கூடாது, அடுத்த ஞாயிறுவரை சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார் பஞ்சாபகேசன். ஊரைப் பற்றி அப்புறம் அவர் கேட்கவே இல்லை. ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப்போய், அவளுக்கு நன்றாகப் பசித்தது.

லிஃப்ட் வரைக்கும் ஷ்யாமளா வந்தாள். நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் ஒன்றை அவள் கையில் திணித்தாள்.

"அடுத்த வாரம் நான் உங்களுக்கு ரூல் எல்லாம் பொறுமையா சொல்லித் தாரேன் மாமி" என்றாள் மகேஸ்வரி.

ஷ்யாமளா வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் புஸ்தகம் எனக்கு மனப்பாடம்டிம்மா. இந்த ஆட்டத்தை வாங்கினதே நான்தான். ஒரு மாசமா இவர் வாக்கிங் போற நேரம் பாத்துப் படிச்சேன். என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ இவா ஆத்து மனுஷா ரெண்டு மணி நேரம் கேள்வி கேட்டா. ஒவ்வொண்ணுக்கும் நின்னுண்டே பதில் சொன்னேன்."

லிஃப்ட் வந்து நின்றது. கதவை ஷ்யாமளாவே இழுத்துத் திறந்தாள்.

"இவரும் கேக்காம இருக்க மாட்டார். கேக்கட்டும். ஆனா இந்த ஆட்டத்துக்கு நாலு பேர் வேணும். நீ என்ன பதில் சொன்னாலும், ஞாயித்துக்கிழமை ஆனா உன்னை வாம்மான்னு அவர் கூப்பிட்டே ஆகணும்."