முப்பத்தைந்தாவது தகவல்

"ஏம்மா, ஆறு பேருக்குப் போக வேண்டிய தகவல் நாற்பத்தோரு பேருக்குப் போயிருக்கு. வெளிய கூடத்தைப் போய்ப் பாரு, நிக்க இடமில்லை!"

குழந்தைகள் இதய மருத்துவமனையின் தலைமை நர்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த வேகத்தில், புரோகிராமர் பெண்ணின் கையிலிருந்த காப்பி மேசையில் சிந்தியது. யாருக்கு எப்போது ஆபரேஷன் என்று வரிசை போட்டுத் தரும் புதிய மென்பொருளை எழுதியவள் அவள்தான். நேற்று மாலை முதன்முறையாக ஓட்டிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கியும் விட்டாள்.

திரையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"சிஸ்டர், தப்பு என்னுதுதான்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"இதுல ரெண்டு பாதி இருக்கு. ஒரு பாதிக்கு வழி சொல்ல வேண்டாம், விதியை மட்டும் சொன்னாப் போதும். ரத்தம் இருக்கணும், படுக்கை காலியா இருக்கணும், ரொம்ப நாளாக் காத்திருக்கிறவங்களுக்கு முதல் இடம்னு நீங்க எழுதிக் கொடுத்தீங்களே, அதெல்லாம். அது ஒவ்வொரு குழந்தையா வெச்சுப் பார்க்கும். ஒத்து வரலைன்னா எடுத்துட்டு வேற குழந்தையை வெச்சுப் பார்க்கும். கடைசியில எல்லா விதிக்கும் பொருந்துற ஆறு பேர் மிஞ்சுவாங்க."

"இன்னொரு பாதி?"

"அது சொன்னதைச் செய்யும், அவ்வளவுதான். பேரைக் கொடுத்தா அவங்க வீட்டுக்குத் தகவல் அனுப்பும். ஆறு பேரும் முடிவான பிறகு அனுப்புற மாதிரி கோத்திருக்கணும். நான் வெச்சுப் பார்க்கிற இடத்துலயே கோத்துட்டேன். வெச்ச பேரை அது திரும்ப எடுத்துடும் சிஸ்டர். போன தகவலை எடுக்க அதுக்குத் தெரியாது."

"வாய்விட்ட வார்த்தையே திரும்பி வராது. இது 'நாளைக்கு உங்க குழந்தைக்கு ஆபரேஷன், வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க'ன்னு போயிருக்கு!" சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்த ஆறு பேர் யாரு? காட்டு."

அச்சடித்த தாளை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். பிறகு கீழிருந்து மேலே படித்தார். நாலாக மடித்து மேசைமேல் வைத்தார். வந்தபோது இருந்த கோபம் இப்போது இல்லை.

"சரி, மிச்சமிருக்கிற பட்டியலை எங்கிட்ட கொடு. நான் நம்பர் சொல்றேன், நீ பேசு. முதல்ல குழந்தைக்கு ஏதாவது சாப்பிடக் கொடுக்கச் சொல்லு. மன்னிப்பெல்லாம் அப்புறம்."

அவள் பேச ஆரம்பித்தாள். சில நம்பர்களுக்கு மணி கதவுக்கு வெளியே கூடத்திலேயே ஒலித்தது. ஒரு தாய் வாய்க்கு வந்தபடி திட்டினாள். இன்னொருத்தி பாதியிலேயே போனை வைத்துவிட்டாள். "பரவாயில்லைம்மா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று ஒருவர் சொன்னபோதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் போனது.

இருபத்திரண்டாவது ஆள் ஒரு தகப்பன். "ராத்திரி பூரா என் பையன் தூங்கலைங்க. சரியாயிட்டா ஓடலாமான்னு கேட்டுக்கிட்டே இருந்தான். இப்ப அவன்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

போனை வைத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சிஸ்டர், அந்த வரிசை விதியை மட்டும் தளர்த்திட்டா, நீங்க சொல்ற எந்தக் குழந்தையையும் இன்னைக்கு உள்ள கொண்டு வந்துடலாம். ஒரு நிமிஷ வேலை, யாருக்கும் தெரியாது. இந்த ஒரு பையனையாவது..."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"எந்தக் குழந்தையைச் சொன்னாலுமா?"

"யாரைச் சொன்னாலும்."

சிஸ்டர் மடித்து வைத்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ ஆறாவது இடத்துல இருக்கிற குழந்தை?"

"அது... வெளிய போயிடும்."

"வேண்டாம்மா. அந்த விதியை எழுதினது நான். அடுத்த நம்பரைப் போடு."

அவளுக்குச் சற்று எரிச்சலாகவே இருந்தது. இத்தனை வருஷம் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து இவருக்கு மனசு மரத்துப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் பேச்சைக் கேட்டாள்.

பத்தரை மணிக்கு சிஸ்டர் பேனாவை மூடினார். "முப்பத்தி நாலு."

"இன்னும் ஒண்ணு இருக்கே?"

"அதுக்குப் போன் வேண்டாம், நேர்ல போய்ச் சொல்லு. கூடத்துல தண்ணி மிஷினுக்குப் பக்கத்துல மஞ்சள் சட்டை போட்ட ஒரு பொண்ணு உட்கார்ந்திருப்பா. ஏழு வயசு." பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். "இதைக் கொடு. க்ரீம் வெச்சதுதான் தின்னும்."

"நீங்களும் வாங்களேன் சிஸ்டர். எனக்குப் பயமா இருக்கு."

"நீயே போம்மா."

கூடம் பாதி காலியாகியிருந்தது. துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு சிறுமி தனியாக உட்கார்ந்திருந்தாள். கால்கள் தரைக்கு எட்டவில்லை. உதடுகளில் லேசான நீலம் படர்ந்திருந்தது. புரோகிராமர் பெண் அவள் முன்னால் மண்டியிட்டாள்.

"பாப்பா, இன்னைக்கு உனக்கு ஆபரேஷன் இல்லடா. அக்காதான் தப்புப் பண்ணிட்டேன். இந்தா, இதைச் சாப்பிடு."

சிறுமி பிஸ்கட்டை ஆசையோடு பார்த்தாள். ஆனால் கையை நீட்டவில்லை. "அம்மா சொல்லாம சாப்பிட மாட்டேன்."

"சரி, அம்மாவையே கேட்டுடலாம். எங்க இருக்காங்க?"

"எனக்கு எத்தனை மணிக்கு ஆபரேஷன்னு கேட்டுட்டு வரேன்னு உங்க ரூமுக்குள்ளதான் போனாங்க" என்றாள் சிறுமி. "நீங்க பார்க்கலையாக்கா? இங்க இருக்கிற நர்ஸுக்கெல்லாம் அவங்கதான் பெரிய நர்ஸ்."