மில் கேட்டுக் கொடி

கயிற்றை இழுத்தார்.

கொடி விரியவில்லை.

கம்பத்தின் உச்சியில் சிவப்பாக ஒரு மூட்டை. உள்ளே அவரே வாங்கிப் பொதிந்த செவ்வந்திப் பூக்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தார். முடிச்சு இறுகியதுதான் மிச்சம்.

இரண்டு முறை எம்.எல்.ஏ.வாக இருந்தவர். சட்டசபையில் அமைச்சர்களைத் திணறடித்தவர். ஒரு முடிச்சு அவரை மதிக்க மாட்டேன் என்கிறது.

மே தினம். மூடிப்போன மில்லின் கேட். எதிரே ஒருவரும் இல்லை.

இப்போதைய சங்கத்துக்காரர்கள் நகரத்துப் பேரணிக்குப் போய்விட்டார்கள். அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டால் போகிறது, இந்தக் கேட்டில் கொடி ஏறாமல் ஒரு மே தினமா என்று தானே ஆட்டோ பிடித்து வந்திருந்தார். அடுத்த வருடம் கம்பமும் இருக்காது. இடத்தை வாங்கியவர்கள் பின்சுவரை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஊர் ஊராகக் கொடி ஏற்றியவர்தான். ஆனால் அவருக்குத் தெரிந்த கொடியேற்றம் வேறு. யாரோ கயிற்றைக் கையில் கொடுப்பார்கள். இழுப்பார். தலையில் பூக் கொட்டும். கை தட்டுவார்கள்.

இந்தக் கேட்டில் அந்த யாரோ, ஆறுக்குட்டி.

ஸ்பின்னிங்கில் வேலை. ஷிப்ட் முடிந்த கையோடு வந்து, கொடியை மடித்து, பூவைப் பொதிந்து, ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி கட்டி வைப்பார். முழக்கத்துக்கு முதல் பதில் குரலும் அவருடையதுதான். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

மில்லை மூடும் ஒப்பந்தத்தில் சங்கத் தலைவராக அவர் கையெழுத்துப் போட்ட மறுநாள், இதே இடத்தில் கூட்டம். ஆறுக்குட்டி எழுந்து கேட்டார்.

"யாரக் கேட்டுங்க தோழர் கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் மைக்கிலேயே பதில் சொன்னார்.

"கொடி கட்டறவங்க கொடியக் கட்டுனாப் போதும். ஒப்பந்தத்த நாங்க பாத்துக்கறோம்."

கூட்டம் சிரித்தது.

ஆறுக்குட்டி அப்புறம் உட்காரவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பின் வேறு யார் யாரோ கொடி கட்டினார்கள். யாரென்று அவர் கவனித்ததில்லை.

பைக்கில் போன ஒருவன் வண்டியை நிறுத்தினான். உச்சியில் தொங்கும் மூட்டையையும் கீழே கயிற்றோடு மல்லுக்கட்டும் கிழவரையும் போனில் படம் பிடித்தான். சிரித்துக்கொண்டே கிளம்பினான்.

அவர் அவமானத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

சாலைக்கு அந்தப் பக்கம், மில் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் ஒரு கதவு திறந்தது.

ஆறுக்குட்டி தோளில் துண்டோடு வந்தார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பத்தைத்தான் பார்த்தார். கயிற்றை வாங்கி மூட்டையைக் கீழே இறக்கினார். முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். மண்ணில் சிந்திய பூக்களைக் குனிந்து, ஒவ்வொன்றாக ஊதிப் பொறுக்கினார்.

அவரும் கூடக் குனிந்தார். இடுப்பு ஒத்துழைக்கவில்லை.

"ஆறுக்குட்டி... அன்னிக்கி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

ஆறுக்குட்டி கட்டி முடித்தார். மூட்டையை உச்சிக்கு ஏற்றினார்.

"கயித்தப் புடிங்க சார்."

சார்.

'தோழர்' என்று கூப்பிட்டுத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

கயிற்றைப் பிடித்தார். ஆறுக்குட்டி திரும்பி நடந்தார். கொடி விரிவதைப் பார்க்கக்கூட நிற்கவில்லை.

இழுத்தார். லேசாகத்தான் இழுத்தார். மேலே சிவப்பு சடசடவென்று விரிந்தது. பூக்கள் வழுக்கைத் தலையிலும் தோளிலும் விழுந்தன. யாரும் கை தட்டவில்லை. அப்படி ஒரு நிசப்தத்தை அந்தக் கேட்டில் அவர் கேட்டதே இல்லை.

முஷ்டியை உயர்த்தினார்.

"தொழிலாளர் ஒற்றுமை...!"

மைக் இல்லை. குரல் பிசிறடித்தது. ஆனாலும் சாலையைத் தாண்டிக் கேட்டிருக்கும்.

'ஓங்குக' என்று யாராவது சொல்ல வேண்டும்.

ஆறுக்குட்டி நடுச்சாலையில் நின்றார். திரும்பவில்லை. வலது கை மட்டும் மெல்ல மேலே எழுந்தது. தோள் வரைக்கும் வந்தது. முழக்கத்துக்கா, நழுவும் துண்டைப் பிடிக்கவா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

அவர் உயர்த்திய முஷ்டியை இறக்கவில்லை.

இன்னொரு முறை சொன்னார்.